மணியின் நிறமும் கணினித் திரையும்

விலை மதிக்கப்படும் பொருள்களுட் பெரும்பாலன நிறையாலும் அளவாலும் மதிக்கப்படுவன. பொன்னுக்கு மாற்றும் நிறையும் உண்டு. நெல்லைப் புசலால் அளந்தனர். தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுக்கின்றனர். மணிக்கோ நிறை மாத்திரம் அமைவதில்லை. ஒத்த நிறையும் ஒத்த வெட்டும் உடைய இரு நீலக்கற்களுள் ஒன்று மற்றொன்றினும் பன்மடங்கு விலை பெறுதல் வாணிகர் நாடோறுங் காண்பதாகும். அவ்வேற்றுமைக்குக் கல்லின் தெளிவும் பிறவும் காரணங்களாமாயினும், தலையாய காரணம் நிறமே. அங்ஙனமாயின், நிறத்தை நிறுக்குந் துலாக்கோல் யாது?

முன்னாளிலே காலை வெளிச்சமும் பழகிய கண்ணுமே அத்துலாக்கோலாயின. விற்போனும் கொள்வோனும் ஒரே கல்லை, ஒரே வானத்தின்கீழ், ஒரே வேளையில் நோக்கினர். இந்நாளிலோ கொள்வோன் பலகாற் கடல் கடந்த நாட்டில் இருக்கின்றான். அவன் முதலிற் காண்பது கல்லையன்று, கல்லின் படத்தை. அப்படம் விற்போன் பக்கத்தில் ஒரு கணினித் திரையிலே திருத்தப்பட்டு, கொள்வோன் பக்கத்தில் வேறொரு திரையிலே விரிகின்றது. ஆகவே, படந்திருத்துவோன் எத்தகைய திரையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும், அதனை எங்ஙனம் பேணல் வேண்டும் என்பன கருவி பற்றிய வினாக்கள் மாத்திரமல்ல. வாணிக நேர்மை பற்றிய வினாக்களுமாம். அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சப்ரகமுவையும் மணி வாணிகமும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்ரகமுவை மாகாணம். இரத்தினபுரி என்னும் பெயரே மணிநகர் எனப் பொருள்படும். களுகங்கையின் படுகைகளிலும் வயல்களின் அடியிலும் கிடக்கும் ‘இல்லம்’ எனப்படும் பரற்படையைத் தோண்டிக் கழுவி மணி எடுத்தல் இங்குத் தொன்றுதொட்டு நிகழ்வது. 1926ஆம் ஆண்டு பெல்மதுளைப் பகுதியிற் கிடைத்த, 392.52 கரட் நிறையுள்ள நீலக்கல் ஒன்று, ‘ஆசியாவின் நீல அழகி’ என்னும் பெயர் பூண்டு, 2014ஆம் ஆண்டு ஜெனீவா நகர ஏலத்தில் 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட விலை பெற்றது. இத்தகைய பெருங்கற்கள் அரியன. எனினும், நிவித்திகலை, எஹலியகொடை, குருவிட்டை, காவத்தை, இறக்குவானை முதலிய ஊர்களைச் சுற்றி எடுக்கப்படும் சிறு கற்களே எண்ணிறந்த குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றன.

அவ்வூர்களை அடுத்த மலைச்சாரல்களெங்கும் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் உள்ளன. அத்தோட்டங்களிற் பிறந்து கல்வி பெற்ற இளைஞர்க்கு, படமெடுத்தலும் படந்திருத்தலும் கற்றுக்கொள்ளத்தக்க கைத்தொழில்களாய் இன்று அமைந்துள்ளன. இத்தொழிலிற் புகுவோன் வாங்கும் முதற் பெருங்கருவிகளுள் ஒன்று திரை. பெற்றோரின் பல மாத உழைப்பு அதன் விலையாக மாறுகின்றது. விளம்பரத்தின் பளபளப்பைக் கண்டு பிழையானதைத் தெரிந்தால், இழப்பு அவனுக்கு மாத்திரமன்று; அவனை நம்பிக் கல்லை ஒப்படைத்தோருக்கும் ஆம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒருவனது திரை நீலத்தை மங்கலாகக் காட்டுகின்றது. கையிலுள்ள கல்லோ பொலிவுடையது. படம் கல்லை ஒத்திலதெனக் கருதி, அவன் மென்பொருளினால் நீலத்தைச் சற்றே கூட்டுகின்றான். அவன் திரையிலே படமும் கல்லும் ஒத்துவிட்டன. ஆயின் பாங்கொக்கிலுள்ள கொள்வோன் அப்படத்தைச் செம்மையான திரையிற் காணும்பொழுது, இல்லாத நீலம் அங்கே தோன்றுகின்றது. கல் கைக்கு வந்தபின் அவன் ஏமாற்றமுற்றுத் திருப்பி அனுப்புகின்றான். மறுதலையாக, திரை நீலத்தை மிகைபடக் காட்டுவதாயின், திருத்துவோன் அதனைக் குறைப்பான். நல்ல கல் நலிந்த விலைக்குப் போகும். இவ்விரு நிலையினும் அவன் பொய்யுரைக்க எண்ணியவனல்லன். அவனை அறியாமலே பொய்யுரைத்தது திரை.

நிறம் பிறக்குமாறு

நிறம் பொருளில் மாத்திரம் உள்ளதன்று. ஒளி, பொருள், கண் என்னும் மூன்றுங் கூடிய வழியே நிறம் பிறக்கின்றது. நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளின் வகைகள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தவை. தூய குருந்தம் நிறமற்றது. மிகச் சிறிதளவு இரும்பும் தைற்றேனியமும் அதனுட் கலந்து, அவ்விரண்டற்கும் இடையே இலத்திரன் பெயர்தலால் செந்நிற மஞ்சள்நிற ஒளிகள் உறிஞ்சப்பட்டு, எஞ்சிய நீலம் நம் கண்ணை அடைகின்றது. குரோமியம் சேர்ந்தால் மாணிக்கச் சிவப்பு விளைகின்றது. எஞ்சி வரும் ஒளியின் தன்மை, முதலில் விழுந்த ஒளியைப் பொறுத்தது என்பது வெளிப்படை. ஆதலின் விளக்கை மாற்றினால் கல்லும் மாறித் தோன்றும்.

இனி, கண்ணின் இயல்பை நோக்குவோம். மூன்று வகை உணர்விகளே மனிதர்க்கு நிறக் காட்சியைத் தருகின்றன என்னும் கருத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோமஸ் யங் வெளியிட, பின்னர் எல்ம்கோல்ற்சு அதனை விரித்துரைத்தார். அக்கருத்தின் வழி நின்று, 1861ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மக்சுவெல், பன்னிற நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகளினூடு தனித்தனி படமெடுப்பித்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளிபாய்ச்சி நிறப்படமாகக் காட்டினார். இன்றைய திரைகள் யாவும் அம்மூன்று நிறக் கொள்கையின் வழித்தோன்றல்களே.

மக்சுவெல்லின் சோதனையில் அறியத்தக்க மற்றொன்றும் உண்டு. அக்காலத்துப் படத்தகடுகள் சிவப்பொளியை உணரும் ஆற்றல் அற்றவை. அங்ஙனமாகச் சிவப்பு எவ்வாறு பதிந்தது? ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், 1961ஆம் ஆண்டு, கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இதனை விளக்கினர். நாடாவின் சிவப்புப் பகுதி, கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த ஒளியையும் தெறித்தது. தகட்டிற் பதிந்தது அதுவே. எனவே, உலகின் முதல் நிறப்படமே ஒரு நற்செயலான பிழையால் வெற்றி பெற்றது. கருவி காண்பது மனிதன் காண்பதன்று என்னும் உண்மையை இதனினும் நன்கு விளக்கும் வரலாறு வேறில்லை. இன்றைய கமராவும் இவ்விதிக்கு விலக்கன்று. நீலத்திலும் ஊதாவிலும் அது மனிதக் கண்ணினின்றும் மாறுபடுதல் மணியைப் படமெடுப்போர் நன்கறிந்தது.

நிறத்தை அளத்தல்

‘மயிற்கழுத்து நீலம்’, ‘மாதுளம்பூச் சிவப்பு’ என்றாற்போல உவமையால் நிறங்கூறுதல் நம் முன்னோர் வழக்கு. திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலும் மணிகளின் நிறங்கள் இவ்வாறு உவமைகளாற் பிரித்துரைக்கப்படுகின்றன. உவமை நினைவுக்கு இனிது. ஆயின் இருவர் மனத்தில் ஒரே மயிற்கழுத்துத் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. இக்குறையை நீக்கவே, ஒளி பற்றிய சர்வதேச ஆணைக்குழு 1931ஆம் ஆண்டு, மனிதக் கண் காணும் நிறங்கள் யாவற்றையும் எண்களாற் குறிக்கும் முறையொன்றை நிறுவியது. அம்முறைப்படி வரையப்படும் படம் குதிரைலாடம் போன்ற வடிவினது; ஒவ்வொரு நிறத்துக்கும் அதனில் ஓரிடம் உண்டு.

இரு நிறங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டையும் எண்ணாற் கூறலாம். 1976ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நிறவெளியிலே அவ்வேறுபாடு ‘டெல்டா ஈ’ எனப் பெயர் பெற்றது. டெல்டா ஈ ஒன்றினுங் குறைந்தால், பெரும்பாலோர் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. இரண்டளவாயின், பயின்ற கண் அருகருகே வைத்து நோக்கி அறியும். ஐந்தாயின், பயிலாத கண்ணுக்கும் புலப்படும். திரையின் செம்மையை மதிப்பதற்கு இவ்வெண்ணே உரைகல். பொன்னின் மாற்றைப் பார்வையால் மதித்து வாங்குவாரிலர். திரையையும் கடையில் நின்று பார்வையால் மாத்திரம் மதித்து வாங்குதல் தகாது.

மூன்று மூலைகள்

திரை ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்தே ஏனை நிறங்களை ஆக்குகின்றது. குதிரைலாடப் படத்தில் இம்மூன்று ஒளிகளின் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் அமையும். அம்முக்கோணத்துக்கு உட்பட்ட நிறங்களையே அத்திரை காட்டவல்லது. அதனையே அத்திரையின் நிறப்பரப்பு என்பர்.

இந்நிறப்பரப்புக்கு நியமங்கள் சில உண்டு. 1996ஆம் ஆண்டு ஹியூலட் பக்கார்ட், மைக்ரோசொவ்ற் என்னும் இரு நிறுவனங்களும் முன்மொழிந்தது ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ இணையத்திலுள்ள படங்களுட் பெரும்பாலன இந்நியமத்தின. 1998ஆம் ஆண்டு அச்சுத் தொழிலின் தேவை கருதி எழுந்தது ‘அடோபி ஆர்.ஜி.பி.’ திரைப்படத் தொழிலின் நியமத்தினின்றும் பிறந்தது ‘பி-3’. உயர்தரக் கைத்தொலைபேசிகள் பலவற்றின் திரைகள் இதனைத் தழுவியவை. பின்னைய இரண்டும் முன்னையதினும் பரந்தவை. ஆதலின் அவற்றைக் காட்டும் திரைகள் விலையேறியவை.

அங்ஙனமாயின் மணியின் படத்தைத் திருத்துவோன் பரந்த திரையையே வாங்கல் வேண்டுமோ? இவ்வினாவுக்கு விடை, அவன் எந்த மணியைப் படமெடுக்கின்றான் என்பதைப் பொறுத்தது. மேற்கூறிய மூன்று நியமங்களுக்கும் நீல மூலை ஒன்றே. அடோபி நியமம் விரிவது பச்சை மூலையில் மாத்திரம். அதன் சிவப்பு மூலையும் எஸ்.ஆர்.ஜி.பி.யினின்றும் வேறன்று. பி-3 நியமம் பச்சையிலும் சிவப்பிலும் விரிகின்றது. ஆகவே, செறிந்த பச்சைக் கற்களுக்கு அடோபிப் பரப்பும், மாணிக்கம் போன்ற செறிந்த சிவப்புக் கற்களுக்குப் பி-3 பரப்பும் உதவும். இரத்தினபுரியின் புகழுக்கு முதலாகிய நீலக்கல்லுக்கோ, பச்சை சார்ந்த நீலங்களில் அன்றி, இவற்றாற் பெறும் பயன் சிறிது. நீல மூலையை அகற்றாத திரைக்கு, நீலத்தின் பொருட்டு மிகுபொருள் கொடுத்தல் வீண்செலவாம். சிறுமுதலுடையோன், பரந்த திரையினும் செம்மையான திரையையே நாடல் வேண்டும்.

மணி மூன்று, இடர் மூன்று

நிறம் பற்றிய இடர்கள் எல்லா மணிகளுக்கும் ஒரு தன்மையன அல்ல. நம் மாகாணத்தில் அறியப்பட்ட மூன்று மணிகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதலாவது நீலக்கல். இதனை ஒரு திசையினின்று நோக்கின் ஊதா கலந்த நீலமும், வேறொரு திசையினின்று நோக்கின் பச்சை கலந்த நீலமும் புலப்படும். ஆதலின் ஒரு படம் ஒரு முகத்தையே காட்டும். இன்று எங்கும் பரவியுள்ள வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளியில், ஏறத்தாழ 450 நானோமீற்றர் அலைநீளத்தில் நீலம் மேலோங்கி நிற்கும். அவ்விளக்கின்கீழ் நீலக்கல் தன் இயல்பினும் மிகுந்து பொலியும். அப்பொலிவைப் படத்திலிருந்து அகற்றுவதற்குத் திரை செம்மையாய் இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது பத்பராட்சா. தமிழ் நூல்களிற் பதுமராகம் என்பது சிவந்த மணியைக் குறிக்கும். தாமரை நிறம் எனப் பொருள்படும் அவ்வடசொல்லே சிங்களத்தின் வழியாக மேனாட்டு வாணிகத்திற் புகுந்து ‘பத்பராட்சா’ எனத் திரிந்து, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் மென்மையாகக் கலந்த குருந்தக் கல்லுக்குப் பெயராயிற்று. மணியாய்வுக்கூடங்களின் ஒத்திசைவுக் குழு வகுத்த இலக்கணப்படி, அக்கலவை மென்னிறமாய் இருத்தலும், நியமப் பகலொளியில் நோக்கப்படலும் வேண்டும். இளஞ்சிவப்பு மிக்கால் அது வெறும் இளஞ்சிவப்பு நீலக்கல்; மஞ்சள் மிக்கால் வேறு பெயர். பெயர் மாறினால் விலையும் பெரிதும் மாறும். இங்கேதான் திரையின் சிறு பிழையும் பெருங்கேடு விளைக்கும். வெண்மையே சற்று மஞ்சள் சார்ந்த ஒரு திரையில், இளஞ்சிவப்புக் கல் பத்பராட்சாவாகத் தோன்றிவிடும். கண்ணுக்கு இதமளிப்பதெனக் கூறி இரவிலே திரையை மஞ்சளாக்கும் ஏற்பாடு கணினிகளிலும் தொலைபேசிகளிலும் உண்டு. அது தானே இயங்கிவிட்டதை அறியாது ஒருவன் இக்கல்லைத் திருத்தின், ஒரு கல்லின் பெயரையே மாற்றியவனாவான்.

மூன்றாவது அலெக்சாண்டிரைற். இது பகலொளியிற் பச்சையாகவும், இழை விளக்கின் ஒளியிற் சிவப்பாகவும் தோன்றுவது. இவ்விரு நிறமும் அதன் உண்மை நிறங்களே. கமராவின் தானியங்கி வெண்சமநிலையோ, ஒளிகளின் வேறுபாட்டை மறைக்க முயல்வது. ஆதலின் இக்கல்லுக்கு இரு படங்கள் வேண்டும். எப்படம் எவ்வொளியில் எடுக்கப்பட்டது என எழுதுதலும் வேண்டும்.

திரையைத் தெரிதல்

இனி, வாங்குவோன் கருதத்தக்கவற்றை முறையே கூறுவாம்.

திரைப் பலகத்தின் வகை முதலாவது. ‘ரி.என்.’, ‘வி.ஏ.’, ‘ஐ.பி.எஸ்.’ என மூவகைத் திரவப் பளிங்குப் பலகங்கள் வழங்குகின்றன. ரி.என். வகையில், தலையைச் சற்று உயர்த்தினும் தாழ்த்தினும் நிறம் மாறும்; அது படந்திருத்தலுக்கு உதவாது. வி.ஏ. வகையிற் கருமை ஆழமானது. ஆயின் பக்கத்தினின்று நோக்குங்கால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். வகை, பார்க்குங் கோணம் மாறினும் பெரும்பாலும் நிறம் மாறாதது. ஆதலின் சிறுமுதலுடையோர்க்கு ஏற்றது அதுவே. ஓ.எல்.ஈ.டி. திரைகள் ஆழ்ந்த கருமையும் பரந்த நிறமும் உடையன, எனினும் விலையேறியன, அசையாத உருக்கள் நெடுநேரம் நிற்பின் அவற்றின் தடம் பதிந்துவிடலும் கூடும்.

நிறப்பரப்பு இரண்டாவது. எஸ்.ஆர்.ஜி.பி. நியமத்தை நூற்றுக்கு நூறு, அல்லது அதனை அணுக, உள்ளடக்கும் திரை வேண்டும். ஈண்டு விளம்பரச் சொற்களில் ஒரு நுட்பம் உண்டு. பரப்பளவு வேறு, உள்ளடக்கம் வேறு. ஒருவனது காணி, அயலவன் காணியோடு பரப்பளவில் ஒத்திருக்கலாம். அதனால் இரண்டும் ஒரே காணியாகா. மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் ‘45 வீதம் என்.ரி.எஸ்.சி.’ எனக் குறித்திருப்பர். என்.ரி.எஸ்.சி. என்பது 1953ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சி நியமம். எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்பளவு அதன் 72 வீதத்துக்குச் சமமாகும். ஆகவே 45 வீதத் திரை, எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காட்டமாட்டாது. அத்தகைய திரையை எவ்வகை அளவீட்டாலும் செம்மையாக்குதல் இயலாது. இல்லாததை அளவுகோல் உண்டாக்காது.

செம்மை மூன்றாவது. ‘டெல்டா ஈ இரண்டினுங் குறைவு’ எனத் தொழிற்சாலையிலேயே அளந்து, அவ்வறிக்கையைப் பெட்டியினுள் வைத்து விற்கும் திரைகள் உண்டு. எய்சோ, டெல், பென்கியூ, ஏசுஸ் முதலிய நிறுவனங்கள் படத்தொழிலுக்கெனத் தனி வரிசைத் திரைகளை ஆக்குகின்றன. அறிக்கையில் உள்ள எண் பெரும்பாலும் சராசரியே என்பதை மறத்தலாகாது. சராசரி ஒன்றேயாயினும், ஒரு நிறத்திற் பிழை ஐந்தாய் இருத்தல் கூடும். அந்நிறம் நீலமாயின் நீலக்கல் வாணிகனுக்குச் சராசரியாற் பயனென்ன? மிகைப் பிழை எவ்வளவு என்பதையும் வினவுதல் வேண்டும்.

படிகளின் எண்ணிக்கை நான்காவது. எட்டு இருமத் திரையில் ஒவ்வொரு மூலநிறத்துக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்க 1,67,77,216 நிறங்கள். பத்து இருமத் திரையில் ஒவ்வொன்றுக்கும் 1,024 படிகள். நீலக்கல்லின் உட்புறத்தே வெளிறிய நீலம் மெல்ல மெல்லக் கருநீலமாகும் இடங்களிற் படிகள் குறைந்தால் கோடுகள் தோன்றும். காண்போன் அவற்றைக் கல்லின் குற்றமென மயங்குவான். உண்மையான எட்டு இருமம் போதியது. பத்து இருமம் கிட்டுமாயின் நன்று. ஆறு இருமத்தை எட்டுப்போலக் காட்டுந் திரைகளைத் தவிர்க்க.

இவற்றுடன், திரையின் நடுவும் ஓரமும் ஒரே ஒளியுடையனவா என்பதையும், மேற்பரப்பு எதிரொளியைத் தெறிக்காததா என்பதையும் நோக்கல் வேண்டும். வெண்மை, ஒளிர்வு, மூன்று மூலநிறங்கள் ஆகியவற்றைத் தனித்தனி மாற்றும் வசதியும் திரையில் இருத்தல் வேண்டும். விளையாட்டுக்கென விற்கப்படும் திரைகளின் மிகுவேகம் இத்தொழிலுக்குப் பயன்படாது. அவ்வேகத்துக்கு விலை கொடுத்தல் ஏர் உழுவதற்குப் பந்தயக் காளை வாங்குவது போலாம்.

திரையை அளந்து நிறுத்தல்

கடைக்காரனுடைய தராசுக்கு அரசு முத்திரை இடுகின்றது. குறித்த காலத்தில் மீண்டுஞ் சோதிக்கின்றது. திரைக்கு முத்திரையிடுவார் யாருமிலர். அஃதும் நாட்செல்லச் செல்ல மங்குவது, நிறந் திரிவது. ஆதலின் உடையவனே சோதகனுமாதல் வேண்டும்.

இதற்கென நிறமானி என்னுஞ் சிறு கருவி உண்டு. டேட்டாகலர், கலிபிரைட் முதலிய நிறுவனங்கள் இதனை விற்கின்றன. திரையின்மேல் இதனைத் தொங்கவிட, மென்பொருள் ஒவ்வொரு நிறமாகத் திரையிற் காட்டும். கருவி அளந்து சொல்லும். காட்டவேண்டியதற்கும் காட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அத்திரைக்குரிய நிறவிவரக் கோப்பு ஒன்றை ஆக்கும். ஆர்கில் என்னும் விலையில்லா மென்பொருளும் இப்பணிக்கு உண்டு. இக்கருவியை நண்பர் நால்வர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். விலையேறிய திரையை அளவாது பயன்படுத்துவோனினும், நடுத்தரத் திரையை மாதமொருமுறை அளந்து பயன்படுத்துவோன் உண்மைக்கு அணித்தாய் நிற்பான். இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்தும் இதுவே: கையிலுள்ள பொருளிற் பரந்த திரைக்கு முன் அளவுகோலுக்குப் பங்கிடுக.

அளக்குமுன் திரையை அரைமணி நேரம் எரியவிடுதல் வேண்டும். வெண்மையை டி-65 என்னும் நியமப் பகலொளிக்கு, அஃதாவது ஏறத்தாழ 6,500 கெல்வினுக்கு நிறுத்துக. காமா எனப்படும் ஒளிர்வு வளைவு 2.2 ஆகுக. ஒளிர்வு, சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டேலா வரை அமைக. கடையிலிருந்து வரும் திரை பெரும்பாலும் இதனினும் மிக்க ஒளியுடன் வரும்; அவ்வொளியிற் படத்தைத் திருத்துவோன், தேவைக்கு மேல் இருளாக்கி அனுப்புவான். ‘பொலிவு’, ‘திரைப்படம்’ என்றாற்போன்ற அழகூட்டும் முறைகளையும், சூழலொளிக்கு ஏற்பத் தானே மாறும் முறைகளையும் நிறுத்திவிடுக. இரத்தினபுரி இலங்கையின் மழை மிக்க இடங்களுள் ஒன்று. ஆதலின் நிறமானியின் வடிகள் ஈரத்தாற் கெடாதவாறு, மூடிய பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் வைத்துப் பேணுதல் நலம்.

அறையும் ஒளியும்

செம்மையான திரையும், பச்சை பூசிய சுவருள்ள அறையிற் பொய்யுரைக்கும். சூழவுள்ள நிறத்துக்குத் தக்கவாறு கண் தன்னை மாற்றிக்கொள்வதே காரணம். சுவர் சாம்பல் நிறமாகவேனும் வெண்மையாகவேனும் இருக்க. சாளரத்தின் எதிரொளி திரையில் விழாதிருக்க. திருத்துவோன் செறிந்த நிற ஆடை அணியாதிருத்தலும் நன்று.

தேயிலைச் சாயத்தை வெண்கிண்ணத்தில் ஊற்றி நோக்கும் சுவைஞரும், மணி நோக்குவோரும், வடதிசைச் சாளரத்தின் ஒளியை விரும்புவர் என மேனாட்டு நூல்கள் கூறும். வெயில் நேரே படாது வானொளி மாத்திரம் புகுதலே அதன் காரணம். இவ்விதி ஐரோப்பாவுக்கு ஆண்டு முழுதும் பொருந்தும். இரத்தினபுரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் உட்பட்டது. ஏப்ரில் முற்பகுதியிலிருந்து செத்தெம்பர் முற்பகுதி வரை, நண்பகற் சூரியன் இங்கு வடதிசையிற் சாய்ந்தே நிற்பான். எனவே அம்மாதங்களில் தென்திசைச் சாளரமே மணி நோக்குவோனுக்கு வடசாளரம் எனக் கொள்க. மேக மூடிய நாளின் ஒளி நியமப் பகலொளிக்கு நெருங்கியது. அதற்கு நம் மாகாணத்திற் குறைவில்லை.

திருத்தும்பொழுது படத்தோடு கல்லையும் அருகே வைத்தல் வேண்டும். கல்லுக்கு அருகில், 6,500 கெல்வின் அளவினதும், நிறங்காட்டும் சுட்டெண் 90இற்கு மேற்பட்டதுமான விளக்கு ஒன்று எரிக. படமெடுக்கும்பொழுதே கல்லின் பக்கத்தில் சாம்பல் அட்டையொன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், வெண்சமநிலையை ஊகியாது நிறுத்தலாம். கல் கண்முன் இல்லாத வேளையில் நிறத்தைத் தொடாதிருத்தல் தலைசிறந்த விதி. நினைவு நிறத்தை எப்பொழுதும் சற்று மிகைப்படுத்தியே வைத்திருக்கும்.

கருவிகள் யாவும் செம்மையாயினும் கண்ணிற் குறையிருத்தல் கூடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாக் குறை ஆண்களுட் சிலர்க்குப் பிறவியிலேயே உள்ளது. உடையோர் பலர் அதனை அறியார். 1917ஆம் ஆண்டு யப்பானிய மருத்துவர் இசிகாரா ஆக்கிய புள்ளித் தட்டுகளால் இதனை எளிதிற் சோதிக்கலாம். இத்தொழிலிற் புகுமுன் மாணவன் ஒருமுறை சோதித்துக்கொள்ளல் அறிவுடைமை.

திரைக்கு அப்பாற்பட்டவை

இத்தனையுஞ் செய்தபின்னும், கொள்வோனது திரை நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று. அவன் வெயிலில் நின்று கைத்தொலைபேசியிற் காணலாம். அத்தொலைபேசி நிறங்களை மிகைபடக் காட்டலாம். இதனால் நம் உழைப்பு வீணாகுமோவெனின், ஆகாது. நம் பக்கத்திற் பிழையில்லையாயின், எஞ்சிய பிழை ஒரு பக்கத்தது மாத்திரம். இரு பக்கத்தும் பிழையிருப்பின், அவை ஒன்றையொன்று பெருக்கும். மேலும், படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. நியமத்திற் சேமித்து அதன் விவரத்தையும் உடன் பதித்து அனுப்பினால், பெரும்பாலான திரைகள் அதனைச் சரியாக விளங்கிக்கொள்ளும்.

படத்துக்குத் துணையாகச் சொல்லும் வேண்டும். எவ்வொளியில் எடுத்தது, கல் சூடேற்றப்பட்டதா, ஆய்வுக்கூடம் அதன் நிறத்தை எவ்வாறு பெயரிட்டது என்பவற்றை எழுதுக. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கும் மணிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் உண்டு. அத்தகைய ஆய்வுகூடச் சான்றிதழ் படத்தின் கூற்றை உறுதிசெய்யும். இயலுமாயின், கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டும் சிறு அசைபடம் ஒன்றையும் சேர்க்க.

தொகுத்து நோக்குமிடத்து, மணி வாணிகன் திரையிடம் வேண்டுவது அழகன்று, சான்று. கல்லைக் கல்லினும் அழகாகக் காட்டுந் திரை, கொள்வோனை ஒருமுறை மகிழ்விக்கும். உள்ளவாறு காட்டுந் திரை, அவனை மறுமுறையும் வரவழைக்கும். நடுவுநிலைமையைக் கூறவந்த திருவள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியதும், அவ்வதிகாரத்தின் முடிவிலேயே வாணிகத்தைப் பற்றிய குறளை வைத்ததும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. நிறத்தை நிறுக்கும் துலாக்கோல் இன்று நம் இளைஞர் மேசைமேல் நிற்கின்றது. அதன் முள் நேரே நிற்கின்றதா என மாதந்தோறும் நோக்குதல் அவர்தங் கடனாகும்.